கோளாறுப் பக்கம் பொரித்த குஞ்சுகள்

கோளாறுப் பக்கத்தை இனிமேல் உங்களில் ஒருவர்தான் எழுதப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். நம் அலுவலகத்தில் யாரும் கைதட்டாத வேலை அது. புதிய வசதி செய்து கொடுத்தவருக்குக் கேக் வெட்டுவார்கள். "இது வேலை செய்யாது, அது பாதிதான் வேலை செய்யும்" என்று எழுதுகிறவளை, நல்ல காரியத்துக்குக் கிளம்பும் நேரத்தில் தும்மியவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அத்தனை பார்வையையும் வாங்கிக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கத்தை நான்தான் எழுதினேன். வெட்கப்பட்டு எழுதவில்லை, திமிரோடு எழுதினேன். அந்தத் திமிர் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் செய்து விற்பது எமுலேட்டர். பழைய மெஷின்களுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஒருநாள் செத்துப்போகும். உதிரி பாகம் கிடைக்காது, அதைச் செய்த கம்பெனியையே தேடினாலும் கிடைக்காது. ஆனால் மெஷின் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும். அப்போது நம் எமுலேட்டர், கடையில் வாங்கிய ஒரு சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும். பழைய புரோகிராமுக்கு ஆள் மாறியதே தெரியாது. தெரியவும் கூடாது.

நடிப்பு என்றால் எங்காவது சொதப்பத்தான் செய்யும். பழைய கம்ப்யூட்டர் 'பீப்' என்று கத்தும் இடத்தில் நம்முடையது ஊமையாக இருக்கும். பிரிண்டரில் கடைசி வரியை இரண்டு தடவை அடிக்கும். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாதவையும் சில இருந்தன. அவற்றில் மூன்றை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், இடையில் நேரம் போனதே எமுலேட்டருக்குத் தெரியாது. விட்ட நொடியிலிருந்து தொடரும். அதைச் சரிக்கட்ட 'நேரம் சரிசெய்' என்று ஒரு பட்டன் வைத்திருந்தோம். அது இன்னும் மோசம். அதை அழுத்தினால் விட்டுப்போன நேரம் முழுவதையும் தலைதெறிக்க ஓடி முடிக்கும். அந்த நேரத்தில் செய்திருக்க வேண்டிய வேலைகளை எல்லாம் ஒன்று விடாமல் அதே வேகத்தில் செய்து தள்ளும். மூன்றாவது கேபிள் விஷயம். மெஷினுக்குப் போகும் கேபிள் கழன்றுவிட்டால் எமுலேட்டர் கண்டுகொள்ளாது. மெஷினில் கடைசியாக அளந்த சூட்டையே இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்து, பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் ஒரு பக்கமாக அச்சடித்து, வாங்க வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடுவேன். முதலாளிக்கு அது துளியும் பிடிக்காது. ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏம்மா, கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளையோட கெட்ட பழக்கத்தையெல்லாம் வரிசையா அச்சடிப்பாங்களா?"

"அச்சடிச்சிருந்தா பாதிப் பொண்ணுங்க தப்பிச்சிருப்பாங்க சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தை எடுத்துவிடு என்று சொல்லவும் இல்லை. புரோகிராமர் சரவணனுக்கு வேறு மாதிரி வருத்தம். நல்ல மூளைக்காரன், எமுலேட்டரில் பாதிக்கு மேல் அவன் எழுதியதுதான். தன் பிள்ளையின் மூக்கு சப்பை என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவதாக அவனுக்குக் கோபம். "இதையெல்லாம் யாரு மேடம் படிக்கப்போறா? அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடுவேன்ல?" என்பான். நம் தொழிலில் அடுத்த வெர்ஷன் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு ஒரு வருடத்தில் தெரிந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் இலுப்பூரிலிருந்து பாக்கியம் வந்தாள். ஊருக்கு வெளியே கோழிக்குஞ்சு பொரிப்பகம் வைத்திருந்தாள். கணவர் சவுதியில் டிரைவர். சுற்று வட்டாரத்தில், குன்றாண்டார்கோவில் பக்கம் வரைக்கும், பெண்கள் வீட்டு நாட்டுக்கோழி முட்டைகளைக் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பார்கள். இருபத்தோரு நாள் கழித்துக் குஞ்சாக வாங்கிப்போவார்கள். அவளுடைய பொரிப்பு மெஷின் வெளிநாட்டில் செய்து, பல கைகள் மாறி இங்கே வந்து சேர்ந்தது. ஒருமுறை முட்டை அடுக்கிப் பொரிப்பதை ஈடு என்பார்கள். அப்படி ஒரு ஈட்டின் நடுவில் மெஷினின் கம்ப்யூட்டர் செத்துப்போய், உள்ளே இருந்த முட்டை அத்தனையும் வீணாகிவிட்டது. கொடுத்த பெண்களுக்கு அவள் தலை குனிந்து பதில் சொல்லி முடித்திருந்தாள். கணவர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே ஒரு ஈடு. அதுவும் பொரிக்கவில்லை என்றால் மெஷினை விற்றுவிட்டு வீட்டில் இரு.

இதை எல்லாம் அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்தில் அவள் கொழுந்தன் கருப்பையா. பொரிப்பகத்தில் மெஷின் பார்த்துக்கொள்வது அவர்தான். நான் கோளாறுப் பக்கத்தை எடுத்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா?" என்றாள் பாக்கியம்.

"இன்னும் ரெண்டு இருக்கும்மா."

"சொல்லுங்க."

சொல்லி முடித்தேன். அவள் கருப்பையாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தாள். "மெஷின வித்தவரு எல்லாம் செய்யும்னாரு. ரிப்பேரு பாக்க வந்தவரு எல்லாம் சரியாயிரும்னாரு. எது செய்யாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். வந்து மாட்டுங்க மேடம்."

அன்று முதலாளி பக்கம் திரும்பி நான் ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வைக்காக இன்றைக்கும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

மாட்டினோம், ஓடியது. முட்டைகளை அடுக்கினார்கள். தட்டுகள் மணிக்கு ஒருமுறை இடதும் வலதுமாகச் சாய்ந்து முட்டைகளைத் திருப்பின. சூடு, ஈரம் எல்லாம் நாள் கணக்குப்படி பழைய புரோகிராமே பார்த்துக்கொண்டது. எங்களுக்குப் போன் வரவே இல்லை. நம் தொழிலில் அதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் மூளை மெஷினுக்குள் இருந்தது, மேசைமேல் இருந்தது வெறும் திரை. வருடா வருடம் பூஜைக்குக் கருப்பையா அந்தத் திரையை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து ஓய்வு கொடுப்பார். மெஷின் அதுபாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். இப்போது மேசைமேல் இருக்கும் பெட்டிதான் மூளை. அவருக்கு அது மேசைமேல் இருப்பது, அவ்வளவுதான். அதனால் வழக்கம்போல் மதியம் குளித்துவிட்டு வந்து, ஈடு இல்லாத நாளுக்கென்று நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே மெனுவில் போய் முறையாக அணைத்து, பெட்டிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டியிருக்கிறார்.

அணைக்கக் கூடாது என்று சொல்லவில்லையா என்றால், சொல்லியிருந்தேன். பிறகு அவரிடம் கேட்டபோது அவர் கொடுத்த பதில்: "கரண்டு போயி அணைஞ்சாத்தான் ஆபத்துன்னு நெனச்சேன் மேடம். சாமிக்காக அணைக்கிறது வேறல்ல?" அதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. அதே நேரத்தில் புதுக்கோட்டையில் நம் அலுவலகத்தில் என்ன நடந்தது? கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கிற கம்பெனியில் அத்தனை கம்ப்யூட்டரையும் அணைத்து, கீபோர்டில் சந்தனம் அப்பி, சுண்டல் தின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் மறுபூஜை முடித்து அவர் பெட்டியைப் போட்டிருக்கிறார். நான் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் கூப்பிட்டாள். குரல் நிதானமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மேடம், இன்னைக்குப் பதினெட்டாம் நாளு. மெஷினு பதினேழுங்குது. நேத்து மத்தியான மணியக் காட்டுது."

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பக்கத்தின் முதல் வரி. "யாரும்மா அணைச்சது?"

"பூசைக்கு அணைச்சிருக்காரு. கத்திட்டேன். இப்ப கத்தி என்ன பண்ண? நீங்க வாங்க."

"வர்ற வரைக்கும் எந்தப் பட்டனையும் தொடாதீங்க. முக்கியமா அந்த 'நேரம் சரிசெய்' பட்டனை."

"அது எங்களுக்குத் தெரியும், நீங்க சொன்னதுதான்" என்றாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

பதினெட்டாம் நாள் என்றால் என்ன என்று அவளிடம்தான் நான் கற்றுக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றோடு தட்டுகள் சமமாகி அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் குஞ்சு அப்போதுதான் ஓட்டை உடைக்க வசமாகத் தலையைத் திருப்பும். அந்த நேரத்தில் தொட்டிலை ஆட்டினால் அது எங்கே திரும்பும்? தவிர, வளர்ந்த குஞ்சு தானே சூடு விடும். மெஷின் தன் சூட்டைக் குறைத்து ஈரத்தைக் கூட்டிக்கொடுக்க வேண்டும். மெஷினுக்குள் தனியாக ஒரு தெர்மோஸ்டாட் உண்டு, கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் சூட்டை ஒரே அளவில் பிடித்துவைக்கும். நேற்று மதியத்திலிருந்து முட்டைகளைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் அதற்குக் குறைக்கத் தெரியாது. அடுத்த மூன்று நாளுக்கு அதை நம்ப முடியாது. பழைய புரோகிராமிலோ நாள் எண்ணை மாற்ற வழியே கிடையாது. புது ஈடு என்று சொல்லி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கலாம், அவ்வளவுதான்.

சரவணனைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் பைக்கோடு வாசலில் நின்றான், லேப்டாப் இல்லாமல். அவன் அம்மா இன்னும் மறுபூஜை முடிக்கவில்லை, சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் லேப்டாப்பை எடுக்கவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். "கெஞ்சிப் பாத்துட்டேன் மேடம், நல்ல நேரம் பத்தரைக்குத்தானாம்" என்றான். நான் பின்னால் உட்கார்ந்து சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். அன்னவாசல் தாண்டும்வரை அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

பொரிப்பகத்துக்குள் நுழைந்தால் கருப்பையா மூலையில் நின்றார். நெற்றியில் விபூதி, முகத்தில் ரத்தமே இல்லை. பெட்டியில் மாலை இன்னும் அப்படியே இருந்தது. திரையில் பதினேழு என்ற எண். எமுலேட்டர் கடமை தவறாமல், நேற்றைய மதியத்தை வாழ்ந்துகொண்டிருந்தது.

சரவணன் நேராகக் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். "மேடம், நாள் நம்பர் மெமரியில எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நேரா உள்ள போய் பதினேழை அழிச்சிட்டுப் பதினெட்டு எழுதிடறேன். அஞ்சு நிமிஷம்."

"இதை எப்பவாவது செஞ்சு பாத்திருக்கியா?"

"இல்ல. ஆனா லாஜிக் கரெக்டா இருக்கு."

"தப்பாப் போனா?"

அவன் திரையைப் பார்த்தான். "புரோகிராம் குழம்பி முதல்ல இருந்து தொடங்கலாம். ஒண்ணாம் நாள்."

ஒன்றாம் நாள் என்றால் முழுச் சூடு, மணிக்கு ஒருமுறை ஆட்டம். பாக்கியம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. சரவணன்மேல் இல்லை, அந்த அவசரத்தின்மேல். நெருக்கடி வந்தால் நம் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். புதிதாக எதையாவது செய்து ஹீரோ ஆகிவிடத் தோன்றும். நான் சரவணனின் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவைத்தேன்.

"நீ எழுதப்போறதை யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல. 'நேரம் சரிசெய்' பட்டன் என்ன பண்ணும்னு எனக்கு அத்துப்படி. அந்தக் கோளாறை எழுதறதுக்காகவே எத்தனை தடவை வேணும்னே ஓடவிட்டுப் பாத்திருக்கேன். எங்க ஓடும், எங்க நிக்கும், எத்தனை நிமிஷம் தாண்டும், எல்லாம் தெரியும். அதையே ஓடவிடுவோம்."

பாக்கியம் ஓரடி முன்னால் வந்துவிட்டாள். "என்ன மேடம் சொல்றீங்க? அத அமுக்குனா தட்டு கண்ணுமண்ணு தெரியாம ஆடும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆடும். தட்டு அதோட சேந்திருந்தாத்தானே? கேபிளைக் கழட்டிடுவோம். அது வெறும் காத்துல ஓடட்டும். இன்னைக்கு நேரத்துக்கு வந்து நின்னதும் திரும்ப மாட்டுவோம்."

சரவணன் தலையை ஆட்டினான். "முடியாது மேடம். கேபிள் இல்லன்னா சூடு தெரியாது. சூடு தெரியலன்னா பழைய புரோகிராம் பயந்துபோய் எல்லாத்தையும் நிறுத்திடும்."

"பழைய கம்ப்யூட்டரா இருந்தா நிறுத்தியிருக்கும். நம்ம எமுலேட்டரோட மூணாவது கோளாறு என்ன?"

 அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டான். "கேபிள் கழண்டது அதுக்குத் தெரியாது! ஐயோ மேடம், அதை நான் அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணியிருந்தா இப்ப செத்திருப்போம்."

சிரிக்க அவனுக்கு நேரம் இருந்தது. பாக்கியத்துக்கு இல்லை. போன ஈட்டில் கம்ப்யூட்டர் செத்ததும் ரிப்பேர் பார்க்க வந்தவர் இப்படி ஒயரைப் பிடுங்கி, தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து நிறுத்தியதில்தான் முட்டைகள் நாசமாயின. அவள் மெஷினின் கதவில் கைவைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்கு எதையும் பூசி மெழுகவில்லை.

"பாக்கியம், கேபிள் கழட்டுன நேரத்துல சூட்டைத் தெர்மோஸ்டாட் பாத்துக்கும். காத்தாடி நேரா கரண்டுல ஓடுது, அது நிக்காது. தட்டைக் கருப்பையா கைப்பிடியால சுத்தி இப்பவே சமமா நிறுத்தணும், ஏன்னா ஓடி முடிக்கும்போது புரோகிராமும் சமமா நிறுத்தியிருக்கும். ரெண்டும் ஒத்துப்போகலன்னா மாட்டும்போது மோட்டார் முறுக்கிக்கும். நேத்து ஆட்டாம விட்டதை என்னால திருப்பித் தர முடியாது. எல்லா முட்டையும் பொரியும்னும் என்னால சொல்ல முடியாது."

"ஆட்டாம விட்டது பரவால்ல, பதினஞ்சுக்கு மேல அது அம்புட்டுப் பாதகமில்ல" என்றாள் அவள். கையைக் கதவிலிருந்து எடுத்தாள். "முடியாததையும் சேத்துச் சொல்றீங்கல்ல, அது போதும். கழட்டுங்க."

கருப்பையா ஓடிப்போய் கைப்பிடியைச் செருகினார். முட்டை உருளாமல், தூங்கும் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் மெதுவாகச் சுற்றினார். சாய்ந்திருந்த தட்டுகள் நிமிர்ந்து சமமாயின. பாக்கியம் ஒரு தண்ணீர் டம்ளரைத் தட்டின் விளிம்பில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். சரவணன் கேபிளைக் கழற்றிக் கையில் உயர்த்திக் காட்டினான். நான் பட்டனை அழுத்தினேன்.

பெட்டிக்குள் ரிலே என்று ஒரு சுவிட்ச் உண்டு. தட்டைச் சாய்க்கச் சொல்லும்போதெல்லாம் 'டக்' என்று ஒலிக்கும். மணிக்கு ஒருமுறை கேட்க வேண்டிய அந்த 'டக்', பொரித்த அப்பளத்தை நொறுக்குவதுபோல் படபடவென்று கேட்டது. இடது, வலது, இடது, வலது. திரையில் மணி சுழன்றது. நேற்று மாலை போனது, இரவு போனது, விடிந்தது. மெஷினுக்குள் ஒரு முட்டைகூட அசையவில்லை. தட்டுகள் சமமாக, அமைதியாக நின்றன.

கருப்பையா அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை அகல விரித்தார். "ஆத்தாடி, இம்புட்டு ஆட்டத்தையும் முட்டையோட ஆட்டியிருந்தா?"

"ஆம்லெட்தான்" என்றான் சரவணன்.

பாக்கியம் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

அந்தப் படபடச் சத்தம் சட்டென்று நின்றது. திரையில் பதினெட்டு. அதற்குக் கீழே, தட்டு சமம், ஆட்டம் நிறுத்தம் என்பதற்கான பழைய அடையாளம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் எழுதிவைத்திருந்ததுபோலவே சில நிமிடம் தாண்டிப்போய் நின்றிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது! என் கோளாறு வாக்குத் தவறவில்லை. சரவணனிடம் கை காட்டினேன், அவன் கேபிளைச் செருகினான். ஹீட்டரின் உறுமல் குறைந்தது. ஈரத்துக்கான தண்ணீர்த் தட்டில் மோட்டார் சுழலத் தொடங்கியது. தட்டுகள் அசையவில்லை. மெஷின் பதினெட்டாம் நாளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

கருப்பையா போய் அந்தப் பெட்டியைக் கும்பிட்டார். மாலையை எடுக்கவா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். இருக்கட்டும், ஓடிக்கொண்டே மாலை போட்டுக்கொள்ளட்டும் என்றேன்.

இருபத்தோராம் நாள் நான் பஸ் பிடித்துப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. வாசலில் கூடைகளோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் உள்ளே வரத் துணியவில்லை. போன தடவையும் இப்படித்தான் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு போயிருக்கிறார்கள். நான் கதவைத் தள்ளியதும் முதலில் காதில் விழுந்தது அந்தச் சத்தம். ஒன்றல்ல, பத்தல்ல. மெஷினே கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

பாக்கியம் கண்ணாடிக் கதவில் போனைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். வீடியோ அழைப்பில் அவள் கணவர். உள்ளே ஈரம் காயாத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. உடைந்த ஓட்டுக்குள் இருந்து இன்னும் ஒன்று தலையை நீட்டி, இதென்ன ஊர் என்று பார்ப்பதுபோல் பார்த்தது. பொரியாத முட்டைகளும் இருந்தன, எந்த ஈட்டிலும் இருக்கும்.  

"என்னங்க, தெரியுதா?" என்றாள் பாக்கியம்.

"தெரியுது தெரியுது" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.  "அடுத்த ஈடு எப்ப வக்கிற?"

 அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் நனைந்திருந்தது, வாய் முழுக்கச் சிரிப்பு. பிறகு வாசலைப் பார்த்து, அந்தத் தெருவுக்கே கேட்கும்படி, "கூடையத் தூக்கிட்டு உள்ள வாங்கடி!" என்று கத்தினாள். என் வேலை வாழ்க்கையில் நான் கேட்ட கைதட்டல் அதுதான். இன்றுவரை அதைவிட வேறொன்று எனக்குத் தேவைப்படவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நெருக்கடியில் நம்மைக் காப்பாற்றுவது பெரும்பாலும் புத்திசாலித்தனம் இல்லை. எது எப்படிச் சொதப்பும் என்று முன்கூட்டியே நமக்குத் தெரிந்திருப்பதுதான். நன்றாகத் தெரிந்த ஒரு கோளாறை, யாரும் சோதிக்காத ஒரு திருத்தத்தைவிட நான் நம்புவேன். கோளாறை மறைக்கிறவனுக்கு அது குழி. எழுதிவைத்து, எத்தனையோ தடவை ஓடவிட்டுப் பார்த்தவளுக்கு அது கையில் இருக்கும் கருவி. இன்னொன்றும் உண்டு. நம் பொருள் எதைச் செய்யாது என்று கூச்சப்படாமல் சொன்னதால்தான், மெஷின் கதவிலிருந்து பாக்கியம் தன் கையை எடுத்தாள். அந்த நம்பிக்கை இல்லாமல் என் கோளாறுகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க முடியும்?

அடுத்த வாரம் சரவணன் என் மேசைக்கு வந்து நின்றான். யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்ட அதே சரவணன். கோளாறுப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும், தானே எழுதிக்கொண்டு வந்திருப்பதாகச் சொன்னான். படித்துவிட்டு ஒரு எழுத்தையும் மாற்றாமல் போட்டேன். முதலாளியும் படித்தார். இந்தத் தடவை அவர் சிரித்தார்.

நேரம் நிற்பதையும், பட்டன் ஓடுவதையும், கேபிளைக் கண்டுகொள்ளாததையும் நீங்கள் ஒருநாள் சரிசெய்துவிடுவீர்கள். செய்யுங்கள், சந்தோஷம். பிரிண்டர் கடைசி வரியை ஒரே தடவை அடிக்கட்டும். பக்கம் முழுவதையும் அழித்துப் புதிதாக எழுதுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் பக்கத்தின் அடியில் சரவணன் எழுதிய அந்த வரியை மட்டும் விட்டுவைக்க வேண்டும்: "இந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கலாம், குங்குமம் வைக்கலாம், மாலையும் போடலாம், ஆயுத பூஜைக்கு இதற்கு லீவு மட்டும் கிடையாது."